துறைத் தேர்வு: முன்னோர் காட்டிய வழி

 



ஆண்டுதோறும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானதும் அஸர் தொழுகைக்குப் பின் நம்மைத் தேடிப் பெற்றோர் சிலர் வருவது வழக்கம். தந்தையின் கையில் மதிப்பெண் பட்டியலின் நகல் இருக்கும். அவருக்குப் பின்னால் பிள்ளை தலைகுனிந்து நிற்பான். "ஹஜ்ரத், பிள்ளையை எதில் சேர்க்கலாம்? எதில் சேர்த்தால் நல்ல சம்பளம் வரும்?" என்று தந்தை கேட்பார். பிள்ளையை நோக்கி, "உனக்கு எதில் நாட்டம்?" என்று நாம் கேட்டால், பெரும்பாலும் அவனுக்கு முன் தந்தையே பதில் சொல்லிவிடுவார்.

இந்தக் கேள்வி நம் காலத்தில் முளைத்ததன்று. எந்தக் கல்வியை யார் கற்பது, அதை யார் முடிவு செய்வது, எல்லோரும் ஒரே துறையை நோக்கி ஓடினால் சமுதாயம் என்னவாகும் என்பனவற்றையெல்லாம் நம் முன்னோர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சிந்தித்திருக்கிறார்கள். அந்த வரலாற்றின் சில ஏடுகளைப் புரட்டிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆளுக்கொரு துறை

நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் ஏறத்தாழ பதினொரு வயதுச் சிறுவர். பத்ருப் போருக்குப் புறப்பட முன்வந்தபோது வயது போதாது என்று திருப்பி அனுப்பப்பட்டவர். ஆனால் அந்த இளம் வயதிலேயே குர்ஆனின் பல அத்தியாயங்களை மனனம் செய்திருந்தார். அவருடைய நினைவாற்றலை அறிந்த நபி (ஸல்) அவர்கள், யூதர்களோடு நடைபெறும் கடிதப் போக்குவரத்துக்காக அவர்களுடைய எழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு அவரைப் பணித்தார்கள். அரை மாதத்திற்குள் அவர் அதைக் கற்றுத் தேர்ந்தார் என்று திர்மிதீயில் பதிவாகியிருக்கிறது. பின்னாளில் அபூபக்ர் (ரலி) அவர்களின் ஆட்சியில் குர்ஆனைத் தொகுக்கும் பெரும்பணி ஒப்படைக்கப்பட்டதும் இந்த ஸைத் (ரலி) அவர்களிடமே.

இங்கே இரண்டு செய்திகள் ஒன்று சேர்வதைக் கவனியுங்கள். ஒன்று, சமுதாயத்துக்கு ஒரு தேவை இருந்தது. மற்றொன்று, அத்தேவைக்கு ஏற்ற ஆற்றல் ஒரு சிறுவரிடம் இருந்தது. இரண்டையும் இணைத்துப் பார்த்த கண் அண்ணலாரின் கண்.

தோழர்களின் சிறப்புகளை எடுத்துரைத்த வேளையிலும் நபி (ஸல்) அவர்கள் எல்லோரையும் ஒரே தராசில் நிறுக்கவில்லை. ஹலால், ஹராம் பற்றிய அறிவில் முஆத் இப்னு ஜபல் (ரலி), வாரிசுரிமைச் சட்டத்தில் ஸைத் (ரலி), குர்ஆன் ஓதுவதில் உபை இப்னு கஅப் (ரலி) என்று ஒவ்வொருவரையும் அவரவர் துறையைக் கொண்டே அறிமுகம் செய்தார்கள். வாரிசுரிமையில் தேர்ந்தவரை ஓதுவதில் ஏன் முதலிடம் பெறவில்லை என்று யாரும் கேட்கவில்லை.

தவறிய இடத்தில் திறந்த வழி

ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் பஸராவில் ஹம்மாத் இப்னு ஸலமா (ரஹ்) அவர்களிடம் ஹதீஸ் பயில ஓர் இளைஞர் வந்தார். பாரசீக வழியில் வந்தவர். அரபு அவருடைய தாய்மொழி அன்று. ஒரு நாள் ஹதீஸை வாசிக்கும்போது ஒரு பெயர்ச்சொல்லின் இறுதியைத் தவறாக உச்சரித்துவிட்டார். ஆசிரியர் அங்கேயே அதைத் திருத்தினார். வெட்கமுற்ற அந்த மாணவர், இனி இத்தகைய பிழை தம் நாவில் வராதபடி ஒரு கல்வியைத் தேடப் போவதாகச் சொல்லிவிட்டு, இலக்கண மேதை கலீல் இப்னு அஹ்மத் அவர்களின் அவையில் போய் அமர்ந்தார்.

அவர்தாம் ஸீபவைஹி. ஹிஜ்ரி 180-ஐ ஒட்டி இளம் வயதிலேயே வஃபாத்தான அவர் விட்டுச்சென்ற இலக்கண நூலுக்குத் தனிப்பெயர் கூட இல்லை. 'அல்கிதாப்', அதாவது 'நூல்' என்றாலே இலக்கண அறிஞர்களிடையே அதுதான் என்றாயிற்று. மத்ரஸாக்களில் நஹ்வு பயின்ற ஒவ்வொருவரும் அவருக்குக் கடன்பட்டவர்களே. ஒரு துறையில் சறுக்கியதும் அந்த இளைஞரைப் பயனற்றவர் என்று உலகம் ஒதுக்கியிருந்தால் இழப்பு யாருக்கு? மார்க்கம் என்றும் 'உலகக் கல்வி' என்றும் பிரித்துப் பேசுவோர் இதையும் நினைவிற்கொள்ள வேண்டும்: அவர் ஹதீஸ் அவையை விட்டுச் சென்றது ஹதீஸுக்கே பயன் தரும் ஒரு கல்வியைத் தேடித்தான்.

முடிவு செய்பவர் யார்?

மாணவர் ஒழுக்கம் பற்றி நம் மத்ரஸாக்களில் நெடுங்காலமாக ஓதப்பட்டு வரும் நூல் இமாம் ஸர்னூஜீ (ரஹ்) அவர்களின் 'தஃலீமுல் முதஅல்லிம்'. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் பழமையான அந்நூலில் துறைத் தேர்வு பற்றிய பேச்சு வருகிறது. எதைக் கற்பது என்பதை மாணவன் தன் விருப்பப்படி மட்டும் தீர்மானிக்காமல், அனுபவமிக்க ஆசிரியரிடம் அதை ஒப்படைக்க வேண்டும் என்கிறார் ஸர்னூஜீ. முற்காலத்தவர் அப்படிச் செய்து நோக்கத்தை அடைந்தார்கள். தம் காலத்தவரோ தாமே தேர்ந்துகொண்டு, எண்ணியதை அடையாமற் போகிறார்கள் என்றும் வருந்துகிறார்.

இதற்குச் சான்றாக அவர் ஒரு செய்தியையும் சொல்கிறார். இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் முதலில் இமாம் முஹம்மத் இப்னுல் ஹஸன் (ரஹ்) அவர்களிடம் ஃபிக்ஹு பயிலத் தொடங்கினார்களாம். அவர்களின் இயல்பைக் கண்ட ஆசிரியர், ஹதீஸ் கலையை நாடிச் செல்லுமாறு வழிகாட்டினாராம். கேட்க இனிமையான செய்திதான். ஆனால் ஆண்டுக் கணக்கு இதற்கு இடம் தரவில்லை. இமாம் முஹம்மத் அவர்கள் ஹிஜ்ரி 189-இல் வஃபாத்தானார்கள். இமாம் புகாரீ அவர்கள் பிறந்ததோ ஹிஜ்ரி 194-இல். எனவே இதனை நடந்த வரலாறாக நாம் எடுத்துரைக்க இயலாது. எனினும், ஆசிரியர் என்பவர் மாணவனின் இயல்பைப் பார்த்தே வழி சொல்ல வேண்டும் என்ற கருத்து அக்காலக் கல்வியாளரிடையே எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது என்பதை இச்செய்தி காட்டுகிறது. ஆசிரியரிடம் ஒப்படை என்று ஸர்னூஜீ சொன்னது, பிள்ளையின் நாட்டத்தைப் புறந்தள்ளுவதற்காக அன்று. அந்த நாட்டத்தைப் பிள்ளையைவிடத் தெளிவாக ஆசிரியர் காண்பார் என்பதற்காக.

பக்தாதின் கூட்டமும் காலியான இடமும்

இனி, இக்கட்டுரையின் மையத்துக்கு வருவோம். ஸல்ஜூக்கிய அமைச்சர் நிஜாமுல் முல்க் பக்தாதில் நிறுவிய நிஜாமிய்யா மத்ரஸா ஹிஜ்ரி 459-இல், அதாவது கி.பி. 1067-இல் திறக்கப்பட்டது. ஷாஃபிஈ ஃபிக்ஹைப் போதிக்கவே அது எழுந்தது. வக்ஃபு வருமானமும் அரசின் ஆதரவும் அதற்கு இருந்தன. அங்கு பயின்றவருக்குக் காழி பதவி, வக்ஃபு நிர்வாகம் எனப் பல கதவுகள் திறந்தன.

கி.பி. 1091-இல் அந்த மத்ரஸாவின் ஆசிரியராக நியமிக்கப்பட்டவர் தூஸ் நகரத்து இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள். முந்நூறு மாணவர்கள் தம்மிடம் பயின்றதாக அவர்களே எழுதியிருக்கிறார்கள். நான்கே ஆண்டுகளில், கி.பி. 1095-இல், அந்தப் பெரும் பதவியைத் துறந்து வெளியேறினார்கள். அதன் பின்னர் எழுதிய 'இஹ்யா உலூமித்தீன்' நூலின் முதற்பகுதியே கல்வியைப் பற்றியது.

அதில் இமாமவர்கள் கல்வியை இரண்டாகப் பகுக்கிறார்கள். ஒவ்வொருவரும் கற்றே தீர வேண்டியது பர்ளு ஐன். சமுதாயத்தில் சிலராவது கற்றிருக்க வேண்டியது பர்ளு கிஃபாயா. யாருமே கற்காவிட்டால் பாவம் அனைவரையும் சேரும். இந்தப் பர்ளு கிஃபாயாவில் மருத்துவத்தையும் கணக்கையும் இமாமவர்கள் சேர்க்கிறார்கள். உழவு, நெசவு, தையல் ஆகிய தொழில்களுக்கும் அப்பட்டியலில் இடமுண்டு. ஓர் ஊரில் இரத்தம் எடுத்து மருத்துவம் செய்பவர் ஒருவரும் இல்லையென்றால் அவ்வூரார் அழிவை நோக்கிப் போகிறார்கள் என்பது அவர்களின் கருத்து.

பின்னர் தம் காலத்தின் நிலையை நோக்குகிறார்கள். எத்தனையோ ஊர்களில் முஸ்லிம் மருத்துவர் ஒருவர்கூட இல்லை. இருப்பவரெல்லாம் வேறு சமயத்தார். இருந்தும் அத்துறையை நாடுவார் இல்லை. ஃபிக்ஹுக்கோ கூட்டம் அலைமோதுகிறது; அதிலும் வாதப் பிரதிவாதப் பகுதியிலேயே எல்லோரும் முட்டி மோதுகிறார்கள். ஃபத்வா சொல்வோர் ஊரில் நிறைந்திருக்க, ஏற்கெனவே பலர் நிறைவேற்றிக்கொண்டிருக்கும் கடமைக்கே மேலும் மேலும் ஆட்கள் சேர்வதும், யாருமே இல்லாத கடமை கிடப்பில் கிடப்பதும் எப்படி நியாயம் என்று இமாமவர்கள் கேட்கிறார்கள்.

அதன் காரணத்தையும் மறைக்காமல் உடைத்துச் சொல்கிறார்கள். மருத்துவம் படித்தால் வக்ஃபுகளின் பொறுப்பு வராது. மரண சாசனங்களை நிறைவேற்றும் அதிகாரம் வராது. எத்தீம்களின் சொத்து கைக்கு வராது. காழி பதவியும் சக மனிதரை மிஞ்சும் அந்தஸ்தும் கிட்டா. ஆகவே அதைத் தேடுவார் இல்லை.

சகோதரர்களே! இதைச் சொன்னவர் ஃபிக்ஹை எதிர்த்தவர் அல்லர். அக்கலையில் மேதையாகி, அதன் மிக உயர்ந்த ஆசனத்தில் அமர்ந்து பார்த்தவர். ஃபிக்ஹு மேலான கல்வி என்பதில் அவர்களுக்கு ஐயமில்லை. மேலான கல்வியே ஆனாலும், பதவிக்காகவும் ஊர் மெச்சுவதற்காகவும் எல்லோரும் அதன் வாசலிலேயே குவிந்தால் சமுதாயம் நலியும் என்பதே அவர்களின் வேதனை.

இந்த நோய்க்கு மாற்றாக அமைந்த வாழ்வும் நம் வரலாற்றில் உண்டு. கி.பி. 1288-இல் கெய்ரோவில் மறைந்த இப்னு நஃபீஸ் (ரஹ்) அவர்கள் ஷாஃபிஈ ஃபிக்ஹு கற்றவர். மருத்துவத்திலும் ஓங்கி நின்றவர். இதயத்தின் வலப்புறத்திலிருந்து இரத்தம் நுரையீரல் வழியாகவே இடப்புறம் சேர்கிறது என்று, அக்காலத்தில் நிலவிய கருத்தை மறுத்து எழுதினார்கள். பல நூற்றாண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்த அந்த உண்மையை 1924-இல் எகிப்திய மருத்துவர் ஒருவர் பெர்லின் நூலகத்து ஏட்டுச்சுவடியிலிருந்து வெளிக்கொணர்ந்தார். வஃபாத்துக்கு முன் தம் இல்லத்தையும் நூல்களையும் கெய்ரோவின் மன்சூரி மருத்துவமனைக்கு இப்னு நஃபீஸ் வழங்கிச் சென்றார்கள்.

பெண்மக்களின் பெற்றோரும் இவ்வரலாற்றில் தமக்குரிய பாடத்தைக் காணலாம். இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) பிறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலத்தில், மக்கா நகரில் ஸஹீஹுல் புகாரீயைப் போதித்து வந்தவர்களுள் கரீமா அல்மர்வஸிய்யா என்ற பெண்மணி தலைசிறந்தவர். அவரிடம் பெரும் ஆலிம்கள் தேடிச் சென்று பாடம் கேட்டார்கள்.

நம் மண்ணில்

தமிழக முஸ்லிம்கள் கல்லூரிக் கல்வியின் தேவையை உணர்ந்து எழுப்பிய நிறுவனங்களின் வரலாறு பெருமைக்குரியது. வாணியம்பாடியில் 1919-இல் இஸ்லாமியாக் கல்லூரி தோன்றியது. 1951-இல் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியும் சென்னையில் புதுக்கல்லூரியும் எழுந்தன. அதிராம்பட்டினம், உத்தமபாளையம், மேல்விஷாரம், இளையான்குடி, பாளையங்கோட்டை என அடுத்தடுத்து ஊர்தோறும் கலை அறிவியல் கல்லூரிகள் உருவாயின. தோல் வணிகமும் கடல் வணிகமும் செய்து ஈட்டிய செல்வத்தை நம் பெரியவர்கள் இவற்றுக்கு வாரி வழங்கினார்கள். வரலாறு, பொருளாதாரம், வணிகவியல், தமிழ், அரபி, கணிதம், தாவரவியல், வேதியியல் எனப் பல துறைகளின் வாசல்கள் நம் பிள்ளைகளுக்குத் திறந்தன.

1984-ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனை. தமிழகத்தில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அரசு இசைவளித்த ஆண்டு அது. வண்டலூரிலும் கீழக்கரையிலும் நம் சமுதாயத்துப் பெருமக்களும் பொறியியல் கல்லூரிகளைத் தொடங்கினார்கள். அதுவரை எட்டாக்கனியாக இருந்த தொழிற்கல்வி நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைக்கும் கிட்டியது. 2007-இல் தமிழக அரசு முஸ்லிம்களுக்கு அளித்த 3.5 சதவீத உள்ஒதுக்கீடும் பலருக்குக் கைகொடுத்தது. இவற்றின் நன்மையை மறுப்பது நன்றி மறப்பதாகும். எத்தனையோ குடும்பங்கள் இதனால் தலைநிமிர்ந்தன; அல்ஹம்து லில்லாஹ்!

ஆனால் பக்தாதில் நடந்ததே இங்கும் நடந்தது. மாநிலத்தில் பொறியியல் கல்லூரிகளின் எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டிற்று. பிள்ளை எப்படிப்பட்டவன் என்று பாராமல் எல்லோரும் அங்கே ஓடினோம். பின்னர் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான இடங்கள் நிரம்பாமல் கிடந்தன. சில கல்லூரிகள் மூடப்பட்டன. பட்டத்துடன் வெளிவந்தவர் பலருக்குப் படித்த துறையில் வேலை கிட்டவில்லை. இன்று அதே கூட்டம் கணினி அறிவியல், செயற்கை நுண்ணறிவு என்ற வாசல்களில் நிற்கிறது. அத்துறைகள் சிறந்தவையே, அவற்றுக்குரிய நாட்டமும் கணித அறிவும் உள்ள பிள்ளை தயங்காமல் செல்லட்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளை சென்றான் என்பது மட்டும் காரணமாகிவிடக் கூடாது.

நம் பிழை

இதை எழுதும் நாமும் இப்பிழையில் பங்குள்ளவர்களே. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தந்தை தம் மகனை நம்மிடம் அழைத்து வந்தார். அந்தப் பிள்ளையை நாம் சிறு வயது முதல் அறிவோம். மக்தபுக்கு வரும் நாட்களில், கபுருஸ்தானிலுள்ள பழைய மீஸான் கற்களின் முன் அமர்ந்து, தேய்ந்துபோன அரபு எழுத்துகளையும் தமிழ் எழுத்துகளையும் தாளில் படியெடுத்து வருவான். "ஹஜ்ரத், இந்த ஹிஜ்ரி வருடத்துக்கு ஆங்கில வருடம் என்ன?" என்று கேட்பான். நாம் சொல்லுவோம், மகிழ்ந்து ஓடுவான்.

அன்று தந்தை கேட்டபோது அந்தத் தாள்கள் நம் நினைவுக்கு வரவில்லை. "எல்லோரும் பொறியியலுக்குத்தானே போகிறார்கள், அதிலேயே சேருங்கள்" என்று சொல்லி துஆவும் செய்து அனுப்பினோம். தந்தை கடன் வாங்கிச் சேர்த்தார். இரண்டாம் ஆண்டில் தேர்ச்சி பெறாத பாடங்கள் குவிந்தன. மூன்றாம் ஆண்டில் அந்தப் பிள்ளை விடுமுறைக்கு ஊர் வந்தும் பள்ளிக்கு வருவதைத் தவிர்த்தான். நம் முகத்தைப் பார்க்க வெட்கம் என்று பின்னர் அறிந்தோம். பட்டம் பெறாமலே வெளிநாட்டில் ஒரு கடையில் வேலைக்குச் சென்றான். கடன் அடைய நெடுநாள் ஆயிற்று.

வெட்கப்பட வேண்டியவன் அவன் அல்லன். பிள்ளையின் நாட்டத்தைக் கண்ணால் கண்டிருந்தும், கேட்ட நேரத்தில் ஊரார் போகும் வழியைக் காட்டிய நாமே அதற்குப் பொறுப்பு. அரபுத் தமிழ்ச் சுவடிகளும் பழைய கல்வெட்டுகளும் படிப்பாரின்றிக் கிடக்கும் சமுதாயத்தில், அவற்றை வாசிக்கப் பிறந்த ஒரு பிள்ளையை நாம் இழந்தோம். அண்மையில் விடுப்பில் வந்தபோது ஒரு ஜனாஸாவுக்குப் பின் எல்லோரும் கலைந்த பிறகும் அவன் ஒரு மீஸான் கல்லின் முன் நின்றுகொண்டிருந்ததைக் கண்டோம். அன்று இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுவே.

நாம் செய்ய வேண்டியது

பெற்றோர்களுக்கு நம் வேண்டுகோள் இதுதான். விண்ணப்பம் நிரப்புவதற்கு முன் பிள்ளையிடம் தனியே அமர்ந்து பேசுங்கள். யாரும் சொல்லாமல் அவன் தானாக விரும்பிச் செய்வது எது என்று பாருங்கள். அவனுக்குப் பாடம் நடத்திய ஆசிரியரைத் தேடிச் சென்று கேளுங்கள். ஸர்னூஜீ சொன்ன அனுபவமிக்க கண் அவரிடம் இருக்கும். அத்துறையில் ஏற்கெனவே படித்துப் பணிபுரிபவர் ஒருவரிடம் நன்மை தீமைகளை விசாரியுங்கள். மஷ்வராவுக்குப் பின் பிள்ளையே இரண்டு ரக்அத் இஸ்திகாரா தொழட்டும். சம்பாத்தியத்தைப் பற்றிய கவலை பிழையன்று. குடும்பத்தைத் தாங்குவதும் இபாதத்தே. அக்கவலையைக் கடைசிக் கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கேள்வியாக ஆக்கிவிடாதீர்கள்.

மாணவச் செல்வங்களே! ஒரு துறையில் தவறினால் வாழ்வே முடிந்தது என்று எண்ணாதீர்கள். ஸீபவைஹி அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். நமது கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தில் இதுவரை மருத்துவம், பொறியியல் ஆகிய இரண்டு படிப்புகளே அச்சிடப்பட்டு வந்துள்ளன. நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டதுதான்; எனினும், மற்றத் துறைகளுக்கு மதிப்பில்லை என்று நம் பிள்ளைகளுக்கு நாமே சொல்லிவந்திருக்கிறோம். நமது மஹல்லாவில் சட்டம் படித்தவர் எத்தனை பேர்? வக்ஃபுச் சொத்தின் பழைய பத்திரத்தைப் படித்து விளக்கத் தெரிந்தவர் யார்? கணக்குத் தணிக்கை பயின்றவர், பள்ளி ஆசிரியர், செவிலியர், மனநல ஆலோசகர், புள்ளியியல் அறிந்தவர் எத்தனை பேர்? இப்படி ஒரு பட்டியல் தயாரித்தால், இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் சுட்டிய காலியிடங்கள் நம் தெருவிலேயே கண்ணுக்குத் தெரியும். அந்த இடங்களை நிரப்ப முன்வரும் ஆண், பெண் பிள்ளைகளுக்கும் உதவித்தொகை வழங்க வரும் பொதுக்குழுவில் தீர்மானம் நிறைவேற்ற வேண்டுமென அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

ஒரு கடமை நிறைவேறாமல் கிடந்தால் பாவம் ஊரார் அனைவரையும் சேரும் என்பது பர்ளு கிஃபாயாவின் சட்டம். துறைத் தேர்வு ஒரு வீட்டுப் பிரச்சினை என்று ஒதுங்கிக்கொள்ள அச்சட்டம் நமக்கு இடம் தரவில்லை.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை வழங்குவானாக! ஒவ்வொருவரையும் அவரவர்க்கு எளிதாக்கிய நன்மையின் பாதையில் நடத்துவானாக! அவர்களுக்கு வழிகாட்டும் பொறுப்பில் நாம் செய்த பிழைகளைப் பொறுத்தருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.